இணைப்பு மூன்று

என்ன படித்தாய் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். உயிரினப் பன்மை மேலாண்மையும் பாதுகாப்பும். நாலரை வருடம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பேருந்து ஏறிப் போய்விடுவார்.

எங்கள் மலையில் கல்மொட்டு என்று ஒரு கள்ளி இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவுதான். சுண்ணாம்புக் கற்களுக்கு நடுவே இன்னொரு கல்லாகக் கிடக்கும். பிப்ரவரியில் பத்து நாள் பூக்கும்போது மட்டும்தான் செடி என்று தெரியும். அந்தப் பொத்தான் அளவுக்கு வரவே எட்டு வருடம் ஆகும். கடல் கடந்து போய்ச் சேகரிப்பாளர்களின் கண்ணாடி வீட்டுத் தொட்டியில் உட்கார்வதற்காக இது திருட்டுப் போகும். அதனால்தான் ஆய்வுக்கு அனுமதி கேட்டு ஊர்ச் சபையில் போய் நின்றபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: எத்தனை என்று எழுதலாம், எங்கே என்று எழுதக் கூடாது. மலை ஊருக்கே பொது. சபை முத்திரை இல்லாமல் எந்த மாணவரும் அங்கே ஆய்வு செய்ய முடியாது. சபைத் தலைவர் எலாதியோ முன்னால் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் முட்டி தேய எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு செடிகள்.

ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போனபோது என் வழிகாட்டி டாக்டர் கின்தனார் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எடம் எங்கம்மா?"

"எடத்தச் சொல்ல மாட்டேன்னு சபையில வாக்குக் குடுத்திருக்கேன், டாக்டர்."

"பட்டம் உனக்கு சபையா தரப்போவுது? எடம் இல்லாத தரவு வெறும் கதைம்மா. நாளைக்கு இன்னொருத்தன் போய்ச் சரிபார்க்க வேணாமா?"

"திருடனும் போவானே."

"யாரு படிக்கப்போறா உன் ஆய்வேட்ட? உங்கப்பாவே நன்றியுரையில தன் பேரப் பாத்துட்டு மூடி வச்சிருவாரு."

அறையிலிருந்த இன்னும் இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை இணைப்பு மூன்று தயாராக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வரிகள், ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் எண், புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம். அதாவது ஒரு மீட்டர்கூடப் பிசகாது. கிலோமீட்டர் கணக்கில் மழுப்பலாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒவ்வொரு செடிக்கும் மூன்று முறை அளவெடுத்துச் சராசரி போட்டு வைத்திருந்தேன், அந்தப் பெருமையை விட மனம் வரவில்லை. எங்கள் படிப்பில் துல்லியத்துக்குத்தான் கைதட்டல். தேர்வுக் குழுவும் தட்டியது. 'மக்கள் பங்கேற்பு' என்ற அத்தியாயத்துக்குத் தனியாகப் பாராட்டுச் சொன்னார்கள். ஆய்வேடு நூலகத்தின் இணையதளத்தில் ஏறியது. உலகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்த பிப்ரவரியில் பூப் பார்க்க மலையேறினேன். பூ இல்லை. குழிகள் இருந்தன. கரண்டியால் தோண்டியது போல் சின்னச் சின்னக் குழிகள், பக்கத்துப் புல்கூட மிதிபடவில்லை. என் பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாகப் போய்ப் பார்த்தேன். முந்நூற்று ஐந்தாவது வரி வரைக்கும் ஒன்றுகூட மிச்சமில்லை. அதற்கடுத்த நூற்று ஏழை இன்னும் யாரும் தொடவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் பதினேழு செடிகளைப் பார்த்திருந்தேன், அவை எந்தப் பட்டியலிலும் கிடையாது. பதினேழும் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றன. கற்களின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். என் ஆய்வேட்டைப் படித்திருக்கிறார்கள். தேர்வுக் குழுவைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார்கள்.

கீழே இறங்கினால் ஊர் வேறு பேசிக்கொண்டிருந்தது. ஆடு மேய்க்கிற கிறிஸ்பின்தான் விற்றுவிட்டான் என்று. செடிகள் இருந்த பள்ளத்துக்குப் போகிறவர் அவர் ஒருவர்தானாம், வேறு யாருக்கு வழி தெரியும்? ஞாயிற்றுக்கிழமை சபை கூடி அவருடைய மேய்ச்சல் உரிமையைப் பறிக்கப் போகிறது. அறுபத்தெட்டு வயது, முப்பது ஆடு. அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

மறுநாள் காலையில் கின்தனார் அறைக்குள் தட்டாமல் நுழைந்தேன்.

"இணைப்பு மூன்ற இப்பவே எடுங்க, டாக்டர். இன்னும் நூத்தி ஏழு இருக்கு."

"அதுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கும்மா. குழு ஆகஸ்டுல கூடும்."

"ஆகஸ்டுல எதுக்கு? குழிய எண்ணவா?"

"கத்தாத. இத வேற மாதிரி பாரு. அன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு, இன்னைக்கு நூத்தி ஏழு. மேல்படிப்புக்கு இதவிட நல்ல தரவு கெடைக்குமா?"

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலி மேய்ந்துவிட்டு ஏப்பமும் விட்டது. மேசைமேல் இருந்த அவருடைய காப்பியைத் தட்டிவிட்டேன். வருத்தமில்லை.

அவர் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "சபையில போய் ஒளறி வைக்காத. அப்புறம் நம்ம பசங்க யாருக்கும் அந்த மலைக்கு முத்திர கெடைக்காது. ஒரு ஆட்டுக்காரனுக்காக ஒரு துறையவே கவுத்துராத."

ஞாயிற்றுக்கிழமை சபைக் கூடம் நிறைந்திருந்தது. கிறிஸ்பின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். என் அப்பா எவெரார்தோ சபை எழுத்தர், மேடை மேசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். எலாதியோ குற்றத்தை வாசித்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

"அவரு விக்கல. எடத்த ஒலகத்துக்கே சொன்னது நான்."

இணைப்பு மூன்றின் பதினோரு பக்கங்களையும் மேசைமேல் வைத்தேன். பட்டியலில் இல்லாத பதினேழு செடிகள் மட்டும் தப்பியதையும் சொன்னேன். எலாதியோ ஒரு பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த நம்பரப் போனுல போட்டா செடிகிட்டயே கொண்டாந்து விட்டுருமா?"

"விட்டுரும்."

பின்னாலிருந்து யாரோ, "நல்லாப் படிக்க வச்சீங்கய்யா பொண்ண!" என்றார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர்தான் எழுதச் சொன்னாரு! எழுதலன்னா பட்டம் இல்லன்னாரு! அவர யாரும் கேக்க மாட்டீங்களா? யுனிவர்சிட்டிய யாரும் கேக்க மாட்டீங்களா?"

"கேப்போம்" என்றார் எலாதியோ. "ஆனா அவரு எங்களுக்கு வாக்குக் குடுக்கல. நீதான குடுத்த."

நான் உட்கார்ந்தேன்.

கிறிஸ்பின் உரிமை அப்படியே இருக்கட்டும் என்று ஒரே குரலாக முடிந்தது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார். அடுத்து எலாதியோ இன்னொன்றைக் கேட்டார். இனி நோயெமி ஓல்கின், அதாவது நான், மலையில் கால் வைக்கக் கூடாது. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம்.

எண்ணுகிற பழக்கம் விடுமா? எண்ணினேன். ஐம்பத்து மூன்று கைகள். ஐம்பத்து நான்காவது கை மேடையில் எழுந்தது. வலக்கையில் பேனா இருந்ததால் அப்பா இடக்கையைத் தூக்கினார்.

பிறகு குனிந்து எழுதத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். எங்கள் பக்கம் படித்தவர்களின் பெயருக்கு முன்னால் படிப்பையும் சேர்த்துத்தான் எழுதுவது வழக்கம்.

"பட்டம் கைக்கு வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சுப்பா."

தலையாட்டிவிட்டு, கோணல் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி எழுதினார்: 'உயிரினப் பன்மைப் பாதுகாப்புப் பட்டதாரி நோயெமி ஓல்கின், மலையேறத் தடை.'