சீசரின் முதுகில் பூசிய மண்

காந்திமதி சைக்கிளை நிறுத்துவதற்குள் சடையப்பன் கேட்டை இழுத்துப் பூட்டினார்.

"என் நாயை நாசம் பண்ணிட்டு எந்த மூஞ்சியோட வந்து நிக்கிற?"

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. காந்திமதி திரும்பிப் பார்க்கவில்லை.

மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருப்பவள் அவள். கம்மாபுரத்தில் குடும்ப நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு, நான்கு வருடங்களாகச் சுரங்க ஊழியர்களின் டவுன்ஷிப் வீடுகளில் நாய் குளிப்பாட்டுகிறாள். களிமண்ணைக் காயவைத்து இடித்து, துணியில் மாவுபோலச் சலித்துக் கொண்டுவருவாள். தண்ணீரில் குழைத்து முடிக்குள் பூசி, இறுகுவதற்குள் அலசிவிடுவாள். பிசுக்கும் நாற்றமும் போய்விடும். புண் இருந்தால் மட்டும் அந்த இடத்தைத் தொடமாட்டாள்.

போன வாரம் சடையப்பனின் நாய் சீசரின் முதுகில் ஈரப்புண் இருந்தது. "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் மட்டும் பூசினாள். அவர் கேட்டாரே என்று ஒரு பொட்டலம் மண்ணைக் கொடுத்தது அவள் செய்த தப்பு. புண்ணில் படக்கூடாது, காயவிடக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தாள்.

நேற்று அந்தக் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்ட படத்தில் சீசரின் முதுகு தோலுரிந்து கிடந்தது. 'இந்தப் பொம்பளையை யாரும் வீட்டுக்குள்ள விடாதீங்க' என்று கீழே எழுதியிருந்தார். இன்று காலைக்குள் ஐந்து வீடுகளில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நாயைக் காட்டுங்க சார். பாத்துட்டுப் போயிடறேன்."

"மிச்சத் தோலையும் உரிக்கவா? நிலத்தை வித்துத் தின்னுட்டு, மண்ணை அள்ளியாந்து எங்க தலையில கட்டுறீங்க."

காந்திமதி கேட்டை நெருங்கினாள். "எங்க நிலத்தைப் பத்திப் பேசாதீங்க. மண்ணுல என்னத்தக் கலந்தீங்க, அதச் சொல்லுங்க."

"தண்ணிதான். வேற என்ன கலப்பாங்க?"

சத்தம் கேட்டு அவர் மனைவி பொற்கொடி சீசரைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். காந்திமதி கேட் கம்பிக்குள் கையை விட்டு நாயின் கழுத்தைத் தொட்டு, விரலை முகர்ந்தாள்.

"பினாயில் வாடை அடிக்குது."

பொற்கொடி கணவனைப் பார்த்தாள். "உண்ணி சாகும்னு நீங்கதான ஊத்திக் குழைச்சீங்க. பூசிட்டுச் சாயங்காலம் வரைக்கும் அலசவே இல்ல."

"உள்ள போடி."

அவள் போகவில்லை.

"நல்ல மண்ணா இருந்தா நான் ஏன் பினாயில் ஊத்தறேன்?" என்றார் சடையப்பன்.

"கேட்டைத் தொறங்கம்மா" என்றாள் காந்திமதி. "முடியில இன்னும் ஒட்டிகினு இருக்கு. நக்கினா வயித்துக்குள்ள போயிடும்."

பொற்கொடி உள்ளே போய் இன்னொரு சாவி எடுத்துவந்து திறந்தாள். தோட்டத்துக் குழாயடியில் காந்திமதி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். சீசர் முனகியது. சடையப்பன் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"நீ பண்றது எல்லாத்தையும் வீடியோ எடுக்கறேன்."

"நல்லா எடுங்க சார். செவுத்தோரம் இருக்கற பினாயில் டப்பாவும் தெரியட்டும்."

அவர் போனை இறக்கினார்.

"இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிகினு போங்கம்மா. இதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள் காந்திமதி. பொற்கொடி தனியாகத்தான் ஆட்டோ பிடித்துப் போனாள். பினாயில் பட்டுத் தோல் வெந்திருக்கிறது, முடி வளர மாதக்கணக்காகும் என்றார் டாக்டர்.

பொற்கொடி அதை அப்படியே குரூப்பில் எழுதினாள். பத்து நிமிஷத்தில் அட்மினான சடையப்பன் தன் மனைவியைக் குரூப்பிலிருந்து நீக்கினார். அதற்குள் படித்தவர்கள் படித்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் காந்திமதியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் கூப்பிடவே இல்லை.

அடுத்த மாதம் பொற்கொடி போன் செய்தாள். "சீசருக்குப் புண் ஆறிடுச்சு. டாக்டரும் குளிப்பாட்டலாம்னுட்டார். வர்றியா?"

"நாயை இங்க எங்க வூட்டுக்குக் கொண்டாங்கம்மா, செய்யறேன். அந்த ஆளு இருக்கற வாசப்படிய மிதிக்கமாட்டேன்."