அருகைக் கொத்திய மெஷின்

எங்கள் லென்ஸ் கம்பெனி மேனேஜருக்குச் சொல்புத்தியும் கிடையாது, சுயபுத்தியும் கிடையாது. வாசல் முழுக்கப் பச்சைப்பசேலென்று கிடந்த அருகம்புல்லைப் பார்த்து முகம் சுளித்தார்.

"முதல்ல இதை எடுங்க. வெளிநாட்டுப் புல் வருது. அதைப் போடுற ஆளுங்களே பாத்துக்குவாங்க. அடுத்த மாசக் கடைசியோட நீங்க நின்னுக்கலாம்மா."

பதினோரு வருஷம் தோட்டக்காரியாக அந்தத் தரையில் குனிந்தவள் நான். அப்போதும் நல்லதைத்தான் சொன்னேன்.

"வேரோட கையால தோண்டி எடுக்கணும் சார். ஒரு கணு தங்கினாலும் முளைச்சிடும்."

"எந்தக் காலத்துல இருக்கீங்க? மண்ணைக் கிளறுற மெஷின் வருது. ஒரு தடவை ஓட்டுங்க, துண்டு துண்டாப் போயிடும்."

ஒரு தடவை ஓட்டச் சொன்னார். நான் இரண்டு தடவை ஓட்டினேன். மேலதிகாரி சொன்னதைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்வது தப்பா?

மேலே வெளிநாட்டுப் புல்லைப் பாய் பாயாக விரித்துவிட்டுப் போனார்கள். வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டியும் மூன்று வார வெயிலில் அத்தனையும் சருகு. அடியிலிருந்து நம்ம ஆள் ஊசி ஊசியாக எட்டிப் பார்த்தது. 'அருகுபோல் வேரோடி' என்று சும்மாவா வாழ்த்துகிறார்கள்? சருகை வாரி எறிந்துவிட்டு அதற்கும் தண்ணீர் விட்டேன். பாவம், அதுவும் உயிர்தானே.

எனக்குக் கடைசி நாள் அன்றுதான் முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார்.

"அட, மெத்து மெத்துன்னு இருக்கே! இதுதான் அந்த வெளிநாட்டுப் புல்லா?"

மேனேஜர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். "ஆமா சார்."

"அப்ப நம்ம வீட்டுக்கும் இதையே போட்டுடுங்க. உங்க பொறுப்பு."

சாயங்காலம் மேனேஜர் என் கொட்டகைக்கு வந்தார். நான் மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் குரல் தரையோடு தரையாக இருந்தது.

"அம்மா, இதை எப்படி நடுறது?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார். துண்டு துண்டா வெட்டிப் போட்டாப் போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா நான்தான் இன்னியோட நின்னுடுறேனே."

மேனேஜர் கதவுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"யாரும்மா உங்களை நிக்கச் சொன்னது?"

சாக்கைப் பிரித்து மண்வெட்டியை எடுத்தேன்.