மார்க்கண்டரின் மீசை

சுன்னாகம் சந்தையில் மார்க்கண்டரின் பெயரைச் சொன்னால் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று வெங்காய மூட்டை ஏற்றும் லொறி; மற்றது மீசை. இரண்டையும் துடைத்துத் துடைத்தே வைத்திருப்பார்.

அவர் மனைவி அருந்ததி கதிர்காமத்துக்கு நடக்கப்போவதாகச் சொன்னது எண்பத்தெட்டில். மகள் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. பிள்ளை எழும்பிவிட்டாள். சந்நிதி முருகன் வாசலிலிருந்து ஒரு கூட்டம் புறப்படுகிறது என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நேர்த்திதானே? லொறியிலை கொண்டுபோய்க் கோயில் வாசலிலை இறக்கிவிடுறன்."

"நடந்து வாறனெண்டுதான் முருகனுக்குச் சொன்னனான். லொறியெண்டு சொல்லேல்லை."

காடும் கடற்கரையுமாக ஒரு மாதத்துக்கு மேல் நடக்கவேண்டிய வழி. சந்தைக்குக்கூட லொறியில் ஏறி வருகிறவள் அவள். மார்க்கண்டர் சந்தை நடுவில் நின்று மீசையை முறுக்கினார்.

"பளை போறதுக்குள்ளை என்ரை லொறியிலை ஏறுவா, பாருங்கோ. ஆனையிறவு தாண்டினா இந்த மீசையை எடுக்கிறன்!"

மிஷன் பள்ளியில் படிப்பித்து ஓய்ந்த ஐசாக் வாத்தியார் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார். "ஸ்பெயினிலை ஒரு அப்போஸ்தலரின்ரை கல்லறைக்கு மாதக்கணக்கா நடந்து போகினம். ஜப்பானிலை கோயில் கோயிலா ஒரு தீவையே சுத்தி வருகினம். நடக்கிற சனத்தோடை பந்தயம் கட்டாதையும், மார்க்கண்டு."

"அது அவையின்ரை பாடு. இது என்ரை மனுசி. எனக்குத் தெரியாதே?"

கிளிநொச்சிக்கு வெங்காயம் ஏற்றுகிற சாட்டில் லொறி யாத்திரைக்குப் பின்னால் ஊர்ந்தது. சாவகச்சேரியில் மார்க்கண்டர் வீட்டுப் பிட்டுப் பார்சலை மனைவியிடம் நீட்டினார். அங்கேதான் பிழை விட்டார். கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் வழியில் பிறர் இடுவதைத்தான் உண்பார்கள். வீட்டுச் சாப்பாடு ஆகாது. புருசன் பெண்சாதி என்ற கதையும் அங்கே இல்லை, எல்லாரும் சாமிதான்.

"எல்லாருக்கும் பிரிச்சுப் போடுங்கோ, சாமி. அதிலை ஒரு பிடி எனக்கும் வரும்," என்றாள் அருந்ததி.

கட்டின பெண்சாதி தன்னை ஊரார் முன்னால் சாமி என்றது மார்க்கண்டருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பிரித்துப் போட்டார்.

பளையில் அவள் குதிக்கால் வெடித்து இரத்தம் கசிந்தது. லொறிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சினார்.

"மகளுக்கு ஒருநாள் நான் இதைச் சொல்லோணும். வழி விடுங்கோ, சாமி."

குடாநாடு முடிகிற ஆனையிறவு இராணுவக் காவலரணில் ஒரு சட்டம். வண்டியில் வந்தவர்கள் இறங்கி நடக்கவேண்டும்; சோதனை முடிந்த பின்தான் லொறி வரும். மார்க்கண்டரும் லொறியைச் சாரதியிடம் விட்டு இறங்கினார். இருபக்கமும் கடலேரி, நடுவே மரமில்லாத உப்பு வெளி, உச்சி வெயில். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. கொதிக்கிற தாரில் மனிதர் துள்ளத் தொடங்கினார்.

"தாரை விட்டுக் கரை மண்ணிலை மிதியுங்கோ, சாமி. சூடு குறையும்," என்று திரும்பாமலே சொல்லிக்கொண்டு அவள் போனாள்.

அவள் மிதித்த இடமெல்லாம் இரத்தப் பொட்டு. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார் மார்க்கண்டர். எனக்குத் தெரியாதே என்று கேட்ட வாய் இதுதானே! இத்தனை வருடம் கூட இருந்தும் இவளை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்கரையில் லொறி வந்து நின்றது. கதவு திறந்தே கிடந்தது. அருந்ததி அதைக் கடந்து போனாள். "அரோகரா!" என்று கூட்டத்தை விடப் பெரிதாகக் கத்தியது மார்க்கண்டர்தான்.

கிளிநொச்சியில் வெங்காயத்தை இறக்கிவிட்டு, ஒரு சலூனுக்குள் போய்விட்டுச் சுன்னாகம் திரும்பினார். மீசையில்லாத முகம் சந்தைக்குள் நுழைந்ததும் பேரம் பேசிய வாய்கள் அடங்கின. பெற்றவர்கள் கண்ணை மூடினால்தானே எங்கள் ஆம்பிளைகள் மீசை எடுப்பார்கள்? பந்தயத்துக்காக இந்த மீசை போகும் என்று யாரும் நினைக்கவில்லை. ஐசாக் வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு கிட்ட வந்தார்.

"மார்க்கண்டு, ஆர் மோசம் போனது?"

மார்க்கண்டர் லொறிக்கு மேல் ஏறி நின்றார். சந்தையின் கடைசி மூலைக்கும் கேட்கவேண்டும் அல்லவா?

"ஒருத்தரும் சாகேல்லை! என்ரை மனுசி ஆனையிறவு தாண்டிட்டா!"