காய்ச்சல் கூறு

"இந்தப் பக்கம் பாய்ச்சல் கூறு, அந்தப் பக்கம் காய்ச்சல் கூறு" என்று டிமான்ஸ்டிரேட்டர் வைகுண்டராஜ் முளைக்குச்சிகளைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் மனைவி இருதயம்மாள் கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் வந்து நின்றாள். சின்னமனூருக்கு மேற்கே ஒரு கிணற்றுப் புஞ்சையை விவசாய இலாகா குத்தகைக்குப் பிடித்து, ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஆறு வகை நாட்டுச் சோளத்தை விதைத்திருந்தது. வகைக்கு இரண்டு கூறு. முளைத்து நாலு இலை விடும்வரை எல்லாவற்றுக்கும் தண்ணீர் உண்டு. அதற்குமேல் பாய்ச்சல் கூறுக்கு மட்டும்தான் மாடு கட்டி இறைக்கிற கமலைத் தண்ணீர். காய்ச்சல் கூறு காய வேண்டியதுதான். எது காய்ந்தும் மணி பிடிக்கிறதோ அந்த விதையை மானாவாரிக்காரர்களுக்குக் கொடுப்பதென்று ஏற்பாடு. நான் அங்கே மேஸ்திரி. காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது எங்கள் பக்கம் எல்லார் வாயிலும் புழங்குகிற பேச்சு. இருதயம் அன்று அதை முதல்முறை கேட்பவளைப் போல நின்றாள்.

"இதுக்குமா காய்ச்சல்?" என்றாள்.

"காயப்போடுறதச் சொல்றாக. வேறொண்ணுமில்ல. கலயத்த வச்சிட்டுப் போ."

வேறொன்றுமில்லை என்று சொல்ல எனக்கு எப்படித்தான் நாக்கு வந்ததோ. அதற்கு முந்தின ஐப்பசியில் எங்கள் மகள் செசிலிக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு வயது. காய்ச்சலைப் பட்டினி போட்டுத்தான் கொல்லணும், பச்சைத்தண்ணி பல்லில் படக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். வைத்தியர் சொன்னால் எனக்கு வேதவாக்கு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே பிள்ளை தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இருதயம் இரண்டு தடவை செம்பை எடுத்தாள். இரண்டு தடவையும் நான் பிடுங்கி வைத்தேன். மூன்றாம் நாள் பிள்ளை கூரைச் சொட்டுக்கு வாயைத் திறந்து காட்டினாள். நான் கட்டிலை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். என் கையால்தான் இழுத்தேன். நாலாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு எனக்கே காய்ச்சல் வந்து பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் முதலில் சொன்னது, தண்ணி நிறையக் குடி என்பது. இருதயம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு எங்கள் கதை தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். திட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் மறுநாளிலிருந்து எப்போதும்போல சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்கூடவே வந்தாள்.

மாசி பாதியிலேயே காய்ச்சல் கூறுகள் சுருள ஆரம்பித்தன. அதிலும் கூனன் சோளம் என்று ஒரு வகை. அது கதிர் வாங்கினால் தலை வளைந்து தொங்குமாம். கதிர் வருமுன்பே இலையெல்லாம் துவண்டு, சாய்ந்து நின்றது. ஒருநாள் கஞ்சி குடித்துவிட்டு வந்தவன் அந்தக் கூறுக்குள் காலை வைத்தேன். மேலே புழுதி. குதிகால் அழுந்தியது. புழுதியை விலக்கினால் கீழே ஈரம். கூறு ஒன்றும் பெரிதில்லை, நாலு சால்தான். ஆட்கள் எல்லாரும் புளியமரத்தடிக்குச் சாப்பிடப் போகிற நேரத்தில் வாய்க்காலில் குடம் மொண்டு வேருக்கு வேர் ஊற்றி, மேலே புழுதியும் தூவியிருக்கிறாள். யாரென்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை.

வைகுண்டராஜிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தானே மேஸ்திரி. மறுநாள் மரத்தடியிலிருந்து எழுந்து வரப்பு வரைக்கும் வந்தேன். அவள் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது. செபமோ பேச்சோ தெரியவில்லை. தண்ணி ஊத்தாதே என்று நான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவளிடம் நான் ஏற்கெனவே ஒரு தடவை சொன்னவன். திரும்பிப் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். நோட்டில் தினமும் 'கூனன், காய்ச்சல் கூறு, தண்ணீர் விடவில்லை' என்று எழுதினேன். சனிக்கிழமை தோறும் சைக்கிளில் வந்து வைகுண்டராஜ் கையெழுத்துப் போட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு அறுவடை வரைக்கும் தாங்கியது.

சித்திரையில் அடித்துத் தூற்றி நிறுத்தோம். காய்ச்சல் கூறில் மற்ற ஐந்தும் மணி பிடிக்காத சாவி. கூனன் மட்டும் பாய்ச்சல் கூறுக்கு முக்கால் பங்கு கண்டிருந்தது. வைகுண்டராஜ் தராசுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். இரண்டு தடவை திரும்ப நிறுக்கச் சொன்னார். நல்ல மனிதர், மூன்று வருஷமாக இப்படி ஒரு சோளத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சேதி காற்றில் போனது. நாலாம் நாள் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து முத்துக்கருப்பன் என்கிற மானாவாரிச் சம்சாரி நடந்தே வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் மழை பொய்த்து, மாடு கன்று எல்லாம் விற்றவர். வைகுண்டராஜ் அவர் துண்டில் விதையை அள்ளிப் போட்டார். இருதயம் சற்றுத் தள்ளிப் பாயில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, நீங்க கூடவே இருந்து பாத்தவுக. இத விதைக்குப் பெருக்கி, அடுத்த வருசம் நாலு குறுக்க நெலத்துலயும் இதவே போட்டுரலாம்னு இருக்கேன். மழை ஏமாத்துனாலும் இது ஏமாத்தாதுல்ல?" என்று முத்துக்கருப்பன் கேட்டார்.

அவருடைய வீட்டில் எத்தனை பிள்ளைகளோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"அது காயலய்யா" என்று வைகுண்டராஜைப் பார்த்துச் சொன்னேன். "தண்ணி விட்டிருக்கு. தெனமும். நோட்டுல எழுதுனது பொய்."

அவர் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யார் விட்டது?"

"நான்தான்."

"நீங்களா? எதுக்கு?"

"பாக்கப் பாவமா இருந்துச்சு."

முறத்தின் சத்தம் நின்றது. இருதயம் எழுந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் வைகுண்டராஜிடம் பேசியதே கிடையாது. கோபமாகப் பேசவில்லை, உள்ளதைச் சொல்லுகிற குரல்தான்.

"இவுக ஊத்தலங்கய்யா. நாந்தான் ஊத்துனேன்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "இவுக ஊத்த மாட்டாக."

அவ்வளவுதான். ஐப்பசியிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான். வந்துவிட்டது. மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அவள் சொன்னதில் மறுக்க ஒரு எழுத்துகூட இல்லை.

வைகுண்டராஜ் நோட்டைத் திறந்து வைத்தபடி நின்றார். எழுதியதை அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. முத்துக்கருப்பன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டின் முடிச்சை அவிழ்த்து, குனிந்து, விதையைப் பாயில் கொட்டினார். நாலைந்து மணி உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டன. அவற்றை உதறவும் மனமில்லாமல், மூடிக்கொள்ளவும் மனமில்லாமல், கையை விரித்தபடி வெயிலில் நின்றார்.