அலமாரிக்குத் திரும்பி வந்த பால்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கடையில் இருந்தவர்கள்:

ஒரீத்தா பெட்வே. கடையை நடத்துபவர். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர்.

டீக்கன் ஹோசியா பாய்கின். எஃகு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துவார், மற்ற நாளெல்லாம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்.

மிஸ் ஸெனோபியா க்ரம்ப். வாங்க எதுவும் இல்லை என்று தெரிந்தும் வந்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான், எல்லிஸ். இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தேன்.

சாமான் என்று பார்த்தால் மூன்று எலுமிச்சை, ஒரு பை சோள மாவு, பன்னிரண்டு பாட்டில் வினிகர். வினிகரை எதற்குப் பன்னிரண்டு வாங்கினோம் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

சனிக்கிழமைதான் கடை திறந்தது. கேரி நகரத்தில் எங்கள் பக்கத்துக்குப் பதினோரு வருடம் கழித்து வந்த முதல் மளிகைக் கடை. நடுவில் இருந்ததெல்லாம் பெட்ரோல் பங்க்தான். அங்கே சிப்ஸ் கிடைக்கும், பீர் கிடைக்கும், தோல் கறுத்த வாழைப்பழம் கிடைக்கும். நல்ல சாமான் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி மெரில்வில் போக வேண்டும், இல்லை கார் வைத்திருக்கும் யாரையாவது கெஞ்ச வேண்டும். அதனால் இங்கே எல்லோரும் மாதத்தில் ஒரே நாள் கடைக்குப் போவார்கள். போனால் கார் டிக்கி மூடாத அளவுக்கு வாங்குவார்கள். எந்த வீட்டு நிலவறையிலும் சவப்பெட்டி அளவுக்கு ஒரு ஃப்ரீசர் இருக்கும்.

அந்தப் பழக்கத்தோடுதான் சனிக்கிழமை வந்தார்கள். மூன்று தெரு தள்ளி நடந்து வந்து, ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அலமாரி காலி. அடுத்த லாரி செவ்வாய்க்கிழமை.

எனக்கு ஆச்சரியம் இல்லை. நான் வேலை பார்க்கும் குளிர் கிடங்கிலிருந்து ஒவ்வொரு இரவும் நாற்பது லாரி கீரையும் பழமும் கிளம்பும். எங்கள் ஊர் மேம்பாலத்தின் மேலேதான் போகும். ஒன்றுகூட இங்கே நிற்காது. கல்லூரியைப் பாதியில் விட்டதிலிருந்து அந்த லாரிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடை ஈஸ்டர் வரை தாங்காது என்று டீக்கனிடமே சொல்லியிருந்தேன்.

டீக்கன்தான் முதலில் பார்த்தார்.

"எதிர் பங்க்ல ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டை போட்டோ எடுத்துட்டிருக்கான். அதையா கட்டிக்கப் போறான்?"

ஒரீத்தா ஜன்னலுக்கு வந்தார். பையன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, கையில் ஒரு டேப்லெட். அலமாரி அலமாரியாகக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

"கார்டு ஆளு," என்றார் ஒரீத்தா. "அங்க முடிச்சுட்டு இங்கதான் வருவான்."

கார்டு என்பது அரசாங்கம் மாதாமாதம் சாப்பாட்டுக்குப் பணம் போடும் அட்டை. எங்கள் பக்கத்தில் பத்து அடுப்பில் ஏழு அதில்தான் எரிகிறது. அதை வாங்கும் அனுமதி இல்லாத கடைக்கு ஒரு சனிக்கிழமை வியாபாரம் நடக்கும், அவ்வளவுதான். அனுமதிக்கு முன்னால் ஆள் வந்து பார்ப்பார்கள், சொல்லாமல் வருவார்கள். கறி, ரொட்டி, காய், பால் என்று நாலு பிரிவு. ஒவ்வொன்றிலும் மூன்று வகை, ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று உருப்படி அலமாரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிராகரிப்பு. மறுபடி கேட்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் வினிகர் விற்றுப் பிழைக்க முடியாது.

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்றேன்.

"அந்த பங்க்ல பீரே நாலு அலமாரி இருக்கு," என்றார் டீக்கன். "பையன் நல்லா எண்ணுவான் போல. அரை மணி."

ஒரீத்தா போனை எடுத்து வீடு வீடாகக் கூப்பிட்டார். கெஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கும் அதே குரல். "கண்ணு, சனிக்கிழமை வாங்கினதுல பிரிக்காதது என்ன இருக்கு? எடுத்துட்டு வா. ஆமா, திருப்பித்தான். காசு தந்துடறேன். ஏன்னு அப்புறம் கேளு. செருப்பு போடாட்டியும் பரவாயில்ல, வா."

ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். ஒருத்தி துணி துவைக்கும் கூடையில் காலர்டு கீரையைக் கொண்டுவந்தாள். இரவு உடையோடு ஒருவர், இரண்டு கக்கத்திலும் ரொட்டி. புகைபோட்ட வான்கோழிக் கழுத்து ஃப்ரீசரிலிருந்து கல் மாதிரி வந்தது. முட்டை வந்தது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்தது. பாதி தின்ற கோழியோடு ஒருவர் வந்தார். டீக்கன் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

"இதுக்கு அவன் நம்மள ஜெயில்ல போடுவான்யா."

நான் அடுக்கினேன். கறி சரி. ரொட்டி சரி. காய் தேவைக்கு மேலேயே இருந்தது. பால் பிரிவில் சீஸும் வெண்ணெயும் வந்துவிட்டன. பால் மட்டும் இல்லை.

"பாலை யார் வாங்கினது?" என்றார் டீக்கன்.

எல்லோரும் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார்கள்.

மிஸ் ஸெனோபியா தனியாக இருப்பவர். ஒன்பது கேன் பால் வாங்கியிருந்தார்.

"என்ன பாக்கறீங்க?" என்றார். "காசு குடுத்துத்தான் வாங்கினேன்."

"ஒன்பது கேன், மிஸ் ஸெனோபியா," என்றேன். "வீட்ல கன்னுக்குட்டி வளக்கறீங்களா?"

"வாயை மூடு. போன கடையை மூடினப்ப நீ எங்க இருந்த? அரை டவுசர்ல இருந்த. நான் வாசல்ல காலிக் கூடையோட நின்னேன். என் மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினான். முந்தின நாள்கூட 'மறுபடி வாங்க'ன்னு சிரிச்சவன்தான். அப்பவே சொல்லிக்கிட்டேன், கிடைக்கற அன்னிக்கே வாங்கிடணும்னு."

எதிரே பையன் பங்க் கதவைத் திறந்து வெளியே வந்தான். ஊரோரப் பெரிய ஏரியின் குளிர் காற்றுக்குக் காது சிவந்திருந்தது. காரில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

ஒரீத்தா நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். "ஸெனோபியா, நீ வச்சுக்கோ. உன் பால். பிப்ரவரி வரைக்கும் குடி. அதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் மெரில்வில் பஸ்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்து போலாம். உன் பேச்சை ஒரு மணி நேரம் கேக்கணுமேன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

மிஸ் ஸெனோபியா கொஞ்ச நேரம் அவரை முறைத்தார். பிறகு எழுந்து கோட்டுப் பித்தானைப் போட்டார். "எல்லிஸ், வா. எனக்கு முதுகு வளையாது."

அவர் வீடு கடைக்குப் பின்பக்கம்தான். ஃப்ரீசரில் ஐந்து கேன் உறைந்து கிடந்தது. குளிர்பெட்டியில் நாலு நல்ல நிலையில் இருந்தது. வந்து போகும் திருட்டுப் பேரப் பிள்ளைகளுக்காக எல்லாவற்றிலும் கறுப்பு மையில் எழுதியிருந்தார்: க்ரம்ப். தொட்டால் கை இருக்காது.

அழிக்க நேரம் இல்லை. பின்கதவு வழியாக வந்து வைத்தேன். முன்கதவில் பையன் நுழைந்தான்.

விட்லோ என்று பெயர் சொன்னான். மரியாதையாகத்தான் இருந்தான். இந்த நேரத்தில் இவ்வளவு கூட்டம் எதற்கு என்று கேட்கவில்லை. கறியை எண்ணினான், ரொட்டியை எண்ணினான். வான்கோழிக் கழுத்தைத் தட்டிப் பார்த்தான். பாலுக்கு வந்ததும் நின்றான். கேனைத் திருப்பி முழுசாகப் படித்தான்.

"க்ரம்ப் யாரு?"

"நான்தான்," என்றார் மிஸ் ஸெனோபியா.

"இது உங்களுதா?"

டீக்கன் வினிகர் பாட்டில்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். ஒரீத்தா முன்னால் வந்தார்.

"சார், நான் பொய் சொல்லப் போறதில்ல. எல்லாமே சனிக்கிழமை வித்தது. ஜனங்க ஒரே நாள்ல வாங்கிட்டாங்க. இன்னிக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்காங்க. மொத்த விலைக்கு வாங்கின பில்லு இந்த டப்பாவுல இருக்கு, பாருங்க."

"பில்லைப் பார்க்கறேன், மேடம். ஆனா அலமாரியில இருக்கறது கடையோட சாமானா இருக்கணும். இன்னொருத்தரோடதை நான் எண்ண முடியாது." மிஸ் ஸெனோபியாவிடம் திரும்பினான். "நான் போனதும் இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

ஆமாம் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்திலும் அதுதான் இருந்தது. கேனைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி கேனைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "குடுத்தாச்சு. இப்ப இது கடையோடது."

"அப்ப உங்களுக்குப் பால்?"

"நாளைக்கு வந்து வாங்கிக்கறேன். கடை எதுக்கு இருக்கு?"

விட்லோ நாலு கேனையும் படம் எடுத்தான். மற்றவர்களிடமும் அதையே கேட்டான். எல்லோரும் அதையே சொன்னார்கள், காலர்டு கீரைக்காரி கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னாள். பில்களையும் படம் எடுத்துக்கொண்டான்.

"எண்ணறது மட்டும்தான் என் வேலை," என்றான். "முடிவு வேற ஆளுங்க எடுப்பாங்க."

கார் திரும்பி மறைந்ததும் டீக்கன் மூச்சு விட்டார். "சரி ஸெனோபியா, போயிட்டான். பாலை எடுத்துட்டுப் போ."

"நான் என்ன சொன்னேன்? நாளைக்குன்னு சொன்னேன். உனக்கு முழங்கால் மட்டும்தான் போச்சுன்னு நெனச்சேன், காதுமா?"

வெறுங்கையோடு போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வருவார் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. தூங்கப் போனேன். மறுநாள் லாரியிலிருந்து சாமான் இறக்க நான் வந்தபோது முதல் ஆளாக நின்றிருந்தார். ஒரு கேன் வாங்கினார். தன் பெயர் எழுதியதையே தேடி எடுத்தார்.

கடிதம் வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் கடை நொண்டியடித்துத்தான் ஓடியது. இரண்டு முறை கீரை அழுகிக் குப்பைக்குப் போனது. நானே தூக்கிப் போட்டேன். ஈஸ்டர் கணக்கை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கும்போது அனுமதி வந்தது. கார்டு மெஷினை ஒரீத்தா துணி போட்டுத் துடைத்து வைத்தார், புதுசாக இருந்தும்.

அன்று சாயங்காலம் ஆறுக்கு ஐந்து நிமிடம். நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரீத்தா பாதி விளக்கை அணைத்துவிட்டார். மிஸ் ஸெனோபியா உள்ளே வந்தார்.

"இப்பத்தான் வரணுமா? மூடற நேரம்," என்றார் ஒரீத்தா.

"வெங்காயம் வேணும்."

"எத்தனை கிலோ? எல்லிஸ், மூட்டையை எடு."

"ரெண்டு."

"ரெண்டு மூட்டையா?"

"ரெண்டு வெங்காயம். அடுப்புல சட்டி இருக்கு, சீக்கிரம் போடு."

கார்டை மெஷினில் இழுத்தார். அது கொஞ்சம் யோசித்துவிட்டுப் பீப் என்றது. பை வேண்டாம் என்றார். கோட்டுப் பை ஒவ்வொன்றிலும் ஒரு வெங்காயம் போட்டுக்கொண்டு வெளியே போனார். பனி தூற ஆரம்பித்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரீத்தா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, சாவியைத் திருப்பினார்.