வெள்ளைக்கோட்டைத் தாண்டி நின்ற முதலாளி

குமரகுரு முதலாளிக்கு அன்று விடிந்ததே சரியில்லை. முந்தின நாள்தான், ஜவுளிக்கடை வாசலில் வேட்டி சட்டையும் சேலையும் மாட்டி அவர் நிறுத்தியிருந்த நாலு பொம்மைகளையும் நகராட்சி ஆட்கள் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நடைபாதையில் வெள்ளைக்கோடு போட்டிருக்கிறதாம், கோட்டைத் தாண்டி எந்தப் பொருள் நின்றாலும் தூக்குவார்களாம். அட கடவுளே, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதா கோடு போடுவது! அவர் கடையோ இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவில் உள்ளடங்கிக் கிடக்கிற கடை. வாசலில் பொம்மை இல்லாவிட்டால் ஈ, காக்காய் எட்டிப் பார்க்காது.

இந்தத் தீபாவளியும் படுத்துவிட்டால் கடையைச் சாத்திவிட்டு, ஈரோட்டில் மச்சினன் கௌதமன் கடையில் சேல்ஸ்மேனாக நிற்க வேண்டும். "வாங்க மாமா, உங்களுக்கில்லாத வேலைங்களா" என்று அவன் போன வாரமே சொல்லிவிட்டான். அதிலிருந்து குமரகுருவுக்குச் சோறு இறங்கவில்லை. மூக்குச் சிந்திவிட்டு வளர்த்த பயலிடம் கைகட்டி நிற்பதா?

காலையில், டிராக்டரோடு வந்திருந்த நகராட்சி ஆய்வாளரைத் தேடிப் பிடித்தார். "ஏனுங்க சார், மனுசன் நின்னாலும் தூக்குவீங்களா?"

"மனுசன எதுக்குங்க தூக்கறோம்? பொருள் நிக்கப்படாது, அவ்வளவுதான்."

போதாதா? புது வேட்டி, புதுச் சட்டை போட்டு, கழுத்தில் விலைச்சீட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போய் விறைப்பாக நின்றார் குமரகுரு. மனைவி தெய்வநாயகி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மானம் போகுதுங்க!"

"போனாப் போகுது. போணி ஆகட்டும்," என்றார் உதடு அசையாமல்.

அரை மணி நேரத்தில் இந்த யோசனை வீதி முழுக்கப் பற்றிக்கொண்டது. பாத்திரக்கடை பெரியசாமி இடுப்பில் குடமும் தலையில் இட்லிக் குண்டாவுமாக வந்து நின்றார். பாய்க்கடை சின்னுசாமி தன்னையே பாய்க்குள் சுருட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். மூச்சு இருக்கிறதா என்று பழக்கடைக்காரம்மா இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள்.

டிராக்டர் வந்தது. இறங்கிய ஆய்வாளர் திகைத்துப்போய் யாருக்கோ போன் போட்டார். "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு, வீதிக்கே கேட்கிற மாதிரி கத்தினார்: "அசைஞ்சா மனுசன், அசையலீன்னா பொருள்! மூணு எண்ணுவேன்!"

பெரியசாமி குண்டாவோடு ஓடினார். சின்னுசாமி பாயோடு உருண்டார்.

குமரகுருவும் ஓடியிருப்பார். ஆனால் பரமத்தி வேலூரிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வந்த பொன்னாயி, குடும்பத்தோடு அவர் முன்னால் நின்று சட்டைத் துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முதல் போணி அவள்தான். பொம்மை அசைந்து, போணிக்கு வந்தவளை மிரளவைத்து அனுப்பினால் தீபாவளி வரைக்கும் தரித்திரம் விடாது என்பதில் குமரகுருவுக்குத் துளியும் சந்தேகமில்லை.

"ஒண்ணு!" என்றார் ஆய்வாளர்.

"துணி கெட்டியாத்தான் இருக்குது," என்றாள் பொன்னாயி.

"ரெண்டு!"

"அட, பொம்மைக்கு வேர்க்குது பாரு!"

"மூணு!"

பொன்னாயி கடைக்குள் படியேறினாள். குமரகுருவை டிராக்டரில் ஏற்றினார்கள். விறைப்புக் குறையாமல் மல்லாந்தபடியே போனார்.

சாயங்காலம், பிடித்த பொருள்களைப் போட்டுவைக்கும் கொட்டகைக்குத் தெய்வநாயகி வந்தாள். புருசன் தன் நாலு பொம்மைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா எடுத்தாங்களா?"

"கல்யாண ஜவுளி மொத்தமும் எடுத்தாங்க. அப்பறமும் ஒரே கூட்டமுங்க. அலமாரியே காலி. இப்படியே போனாக் கடையச் சாத்த வேண்டியதில்லீங்க."

குமரகுருவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா? நான் வாசல்ல நின்ன ராசி!"

தெய்வநாயகி சேலைத் தலைப்பை முறுக்கினாள். சொல்லாமல் விடத்தான் நினைத்தாள், முடியவில்லை.

"நின்னதுனால இல்லீங்க. நீங்க உள்ள இல்லாததுனால. 'எடுத்துக் கலைக்காதன்னு கத்தற ஆளு இல்லீங்களா, அப்பச் சாவகாசமாப் பாக்கறோம்'னு சனமெல்லாம் சொல்லுதுங்க."

அதற்குள் ஆய்வாளர் தாளை நீட்டி, "கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போங்கம்மா," என்றார்.

தெய்வநாயகி பேனாவை வாங்கவில்லை. "சார், தீபாவளி வரைக்கும் இவரு இங்கியே இருக்கட்டுங்களா?"

குமரகுருவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் ஈரோட்டுக்குப் போவதற்கு இது எவ்வளவோ தேவலை. எழுந்து, பொம்மைகளை ஓரமாக நகர்த்தி, படுக்க இடம் செய்துகொண்டார்.

"நாளைக்கு ஒரு தலகாணி கொண்டா," என்றார். "கூட்டம் கொறஞ்சப்பறம் வந்தாப் போதும், அவசரமில்ல."