சித்தாள் இல்லாத கட்டடம்

காலையில் எழுந்ததுமே கழுத்து நரம்பு சுண்டி இழுத்தது. இருபத்தெட்டு வருஷம் கலவைச் சட்டி சுமந்த கழுத்து. கட்டாந்தரையில் கிடந்து பழகியது. பஞ்சு மெத்தையில் போட்டால் சும்மா விடுமா?

நாத்தனாரின் மகளுக்கு இந்த வெளிநாட்டு ஊரில் ஆபீஸ் வேலை. அம்மாவை இனித் தன்னோடே வைத்துக்கொள்ளப் போகிறாள். துணைக்கு வந்த நான் நாளைக்குத் திரும்புகிறேன். அதனால் இன்றைக்குள் நாத்தனாரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து அவளுக்கு ஒரு கால் ஊனமானது. எனக்குக் காய்ச்சல் என்று என் வேலையையும் சேர்த்துச் செய்ய ஏறியவள். எனக்குக் காய்ச்சலே இல்லை. புருஷனோடு மேட்னி ஷோவுக்குப் போயிருந்தேன். "தங்கச்சிக்குத் தெரியவே கூடாது" என்று சத்தியம் வாங்கிய மனுஷன் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அத்தை, சாவிக்கு இன்னொண்ணு போடணும், சலவைக் கடையில கோட்டு வாங்கணும். அப்படியே மணிக்கூண்டப் பாத்துட்டு வாங்க" என்று துண்டுச்சீட்டில் வழி வரைந்து கொடுத்துவிட்டு மகள் வேலைக்குப் போனாள்.

சாவிக்காரனுக்கு நம் பேச்சு புரியவில்லை. இது இரண்டாவது சாவி என்று இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு சாவி போட்டுக் கொடுத்துவிட்டான்.

"நல்லவேளை அண்ணி, அஞ்சு விரலையும் காட்டல" என்றாள் நாத்தனார்.

மணிக்கூண்டின் அடியில் எல்லோரும் அண்ணாந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கல் இடுக்கைத் தடவிப் பார்த்தோம்.

"இம்புட்டு கல்லயும் எவ முதுகு ஏத்துச்சோ" என்றாள்.

எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மணிக்கூண்டை விட்டுவிட்டு அதன் வேலி ஓரமாகப் போய் நின்றோம். ஐந்தாவது மாடிக்குக் குழாய் வழியாகவே கலவை ஏறியது.

"ஒரு சித்தாளுகூட இல்லியே அண்ணி! மேஸ்திரிய யாரு திட்டுறது?"

சுவர் மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் ரசமட்டம்தான் எங்கள் மேஸ்திரிக்குப் பட்டப்பெயர். குடித்தால் மட்டும் நேராக நடப்பார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். செங்கல் அடுக்கின் நிழலில் ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்ட மதியங்கள் ஞாபகம் வந்தன. சோற்றில் சிமெண்ட் நெறநெறக்கும். அந்த ருசி பிறகு எந்தச் சோற்றிலும் இல்லை.

இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"ஏண்டி, அன்னிக்கு நீ விழுந்தியே..."

"விழுந்தது நல்லதுக்குத்தான் அண்ணி. காய்ச்சலோட நீ ஏறியிருந்தா பொணமாத்தான் எறக்கியிருப்பாங்க. மாமியா நொண்டின்னு ஏசறப்பல்லாம், 'எங்க அண்ணன் குடும்பத்தக் காப்பாத்துன காலு இது'ம்பேன். கெழவி வாயடச்சுப் போயிரும். மகளுக்கும் அதச் சொல்லித்தான் வளத்தேன்."

உழவு மாட்டைத் தட்டுவதுபோல் அந்தக் காலைத் தட்டிக்கொடுத்தாள். நான் புதுச் சாவி இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

காவலாள் வந்து கையை ஆட்டி விரட்டினான்.

"போறோம்யா, கூலி கேக்க வரல" என்று அவனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

சலவைக் கடையில் வாங்கிய கோட்டைப் பழக்கதோஷத்தில் தலையில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி எனக்கு முன்னால் நடந்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு கையாலும் அவள் அதைப் பிடிக்கவில்லை.

மறுநாள் விமானம் ஏறிவிட்டேன். எனக்குக் காய்ச்சல் இல்லை, சினிமாவுக்குப் போயிருந்தேன் என்ற உண்மை நான் அவளுக்குத் தர வேண்டிய கடன். இன்னும் தரவில்லை.